கப்பலுக்குப் பாய் எடுத்த கதை

எங்கள் ஆபீஸ் பம்பாயில், செம்பூரில் இருக்கிறது. கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் வரவழைக்கிறவர்களுக்கும் காகிதம் தயார் செய்து கொடுப்பதுதான் வேலை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை கன்டெய்னர், உள்ளே என்ன சாமான் என்று இருபத்தாறு வருடமாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களின் பெயர்களைவிடக் கப்பல்களின் பெயர்கள் எனக்கு அதிகம் தெரியும். ஆனால் ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நான் ஐம்பத்திரண்டாவது வயதில் கடற்கொள்ளைக்காரன் ஆனேன். ஆசைப்பட்டு ஆகவில்லை. ஆபீஸ் உத்தரவு.

தலைமை அலுவலகத்துக்கு எங்கள் ஒற்றுமையைப் பற்றி ஓயாத கவலை. முதலில் கிரிக்கெட் வைத்தார்கள். இரண்டு முழங்கால், ஒரு தோள்பட்டை என்று மூன்று பேர் மெடிக்கல் லீவில் போனார்கள். அடுத்த வருடம் லோனாவாலாவுக்கு பஸ் பிடித்துக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கொரு ரெயின்கோட்டுக்குள் நின்று அருவியைப் பார்த்தோம், யாரோடும் யாரும் பேசாமல் திரும்பி வந்தோம். மூன்றாவதாக, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தேவையில்லாத ஒற்றுமை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மொபைல் கேம். ஒவ்வொரு கிளையும் ஒரு கொள்ளைக் கூட்டம், கூட்டத்துக்கு எட்டுக் கப்பல். ஒரு கிளையோடு இன்னொரு கிளை மோத வேண்டும். எங்களுக்குச் சீட்டில் விழுந்தது சென்னைக் கிளை.

சரக்கு இன்ஷூரன்ஸ் காகிதங்களில் கடற்கொள்ளையைப் பற்றி ஒரு பத்தி வரும். அந்தப் பத்தியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ! அதைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இப்போது அந்தப் பத்தியின் மறுபக்கத்துக்குப் போகச் சொன்னார்கள்.

எங்கள் கிளையின் தலைவி முப்பது வயதுப் பெண். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. பேசும்போது பாதி தமிழ், பாதி பம்பாய் இந்தி. கெட்டிக்காரி, வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை எங்கள் எட்டுப் பேரையும் மீட்டிங் ரூமில் உட்காரவைத்துப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தாள். பீரங்கிக்கு ஒருவர், வரைபடத்துக்கு ஒருவர், கப்பலை ரிப்பேர் பார்க்க ஒருவர். கடைசியில் பாய் மிச்சமிருந்தது.

"பாய் யாரு பாத்துக்கறீங்க?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"அங்கிள், நீங்கதான். ஆபீஸ்ல பர்ச்சேஸ் எல்லாம் நீங்கதானே பாக்கறீங்க? சேர் வாங்கினது நீங்க, கர்ட்டன் வாங்கினது நீங்க. பாயும் துணிதானே? டென்ஷன் எடுக்காதீங்க."

அப்படித்தான் பாய்த் துறைக்குத் தலைவரானேன். பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் என் தொடையில் தட்டினார். அவரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சீத்தா கேம்ப்பிலிருந்து வருகிறவர், ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் பாய்.

"இனிமே எனக்கு டீ வாங்கித் தர்றது உன் பொறுப்பு மச்சான். நீதானே பாய் டிபார்ட்மென்ட்" என்றார்.

விளையாட்டில் பாய்க்கு ஏன் அத்தனை மரியாதை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக ஒவ்வொரு கப்பலின் தலைக்கு மேலும் அதை ஓட்டுகிறவர் பெயர் மிதக்குமாம். தலைமை அலுவலகம், நிஜம்போல இருக்கட்டும் என்று பெயர் தெரியாத முறையைத் தேர்ந்தெடுத்திருந்தது. பனிமூட்டம் வேறு. பாயின் நிறத்தைப் பார்த்துத்தான் நம்மவரா எதிரியா என்று கண்டுபிடிக்க வேண்டும். தவறிப்போய் நம்மவரைச் சுட்டாலும் குண்டு குண்டுதான். நம்மவர் மூழ்கிப் போவார்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் வேலையைத் தொடங்கினேன். நாற்காலி வாங்கும்போது செய்வதுபோல ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். பெரிய சதுரப் பாய் போட்டால் பின்காற்றில் கப்பல் பறக்கும். ஆனால் திரும்புவது, சாயங்கால விரார் லோக்கல் ரயிலுக்குள் ஏறியபின் திரும்பி நிற்க முயல்வதுபோல. முக்கோணப் பாய் சட்டென்று திரும்பும், வேகமோ சயான் சிக்னலில் மாட்டிய பஸ். கனத்த துணி குண்டு பட்டாலும் தாங்கும், ஆனால் கப்பல் நகராது. மெல்லிய துணி நகரும், தாங்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று தானாகக் குறைந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பெரிய சதுரப் பாய், நடுத்தரத் துணி என்று முடிவு செய்தேன். காரணம் கேட்டால் சொல்ல எட்டுக் காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

நிறம் மட்டும் பாக்கி. நூற்றுக்கும் மேல் நிறம் இருந்தது. எனக்கு நிறத்தில் நம்பிக்கை போதாது. என் சட்டைகள்கூட என் மனைவி எடுத்ததுதான்.

என் மனைவி மாதுங்காவில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே கவுண்டர். வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் புடவையை வாங்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தாராவியில் எங்கள் கல்யாணம் நடந்தபோதே கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். பிறகு சுனாபட்டிக்கு வீடு மாறினோம், மகள் படிக்கப் புனேக்குப் போனாள், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் ஆனோம். அவள் கடை மாறவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன், "ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலை குடுத்துருக்காவ. பாய் எடுக்கணும்."

அவள் பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஊர்ல இருந்து யாரு வாறா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"யாரும் வரல."

"பின்ன எதுக்குப் பாய்? எத்தனை பேரு படுக்கணும்?"

கப்பலுக்கு என்றேன். நிஜக் கப்பல் இல்லை என்றேன். கொள்ளையடிக்கிற கப்பல், ஆனால் போனுக்குள் என்றேன். சொல்லச் சொல்ல நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிய அவளுடைய மதிப்பு கீழே இறங்குவது முகத்திலேயே தெரிந்தது. என்றாலும் போனை வாங்கினாள். நிறங்கள் வரிசை வரிசையாக ஓடியதும், நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போறதுக்கு உடுத்தப் போறிய?"

"கடலுக்கு."

"கடல்னா பகல்லயா, பொழுது சாயவா? கூட யாரெல்லாம் வாறா? எதிர்க்க நிக்கிறவன் என்ன கலரு?"

இந்தக் கேள்விகள் எதுவும் என் ஒப்பீட்டுப் பட்டியலில் இல்லை. மூட்டம் போட்ட மாதிரி இருக்கும், எதிராளி நிறம் தெரியாது என்றேன். அவள் வெள்ளையைத் தள்ளினாள். "மூட்டத்துல வெள்ளை எங்கன தெரியும்?" கறுப்பைத் தள்ளினாள். "கொள்ளைக்காரன்னா கறுப்புன்னு எல்லாப் பயலும் அதைத்தான் எடுப்பான்." நீலத்தின் மேல் விரல் நின்றது. "கடலும் நீலம், வானமும் நீலம், பாயும் நீலமா இருந்தா ஒங்களத் தேடுறதுக்குத் தனியா ஆள் வைக்கணும்."

டீயை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தேன், அது கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து எதையும் தேர்ந்தெடுத்த நினைவு எனக்கில்லை. வீட்டை, பழைய வீட்டுச் சொந்தக்காரரின் அவசரம் தேர்ந்தெடுத்தது. ஃபிரிட்ஜை, அன்றைக்கு டெம்போவில் ஏறுகிற அளவு தேர்ந்தெடுத்தது. இப்போது இல்லாத கப்பலின் இல்லாத துணிக்காக ஒன்றரை மணி நேரம் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தோம். பச்சைக்கு நான் வாதாடினேன். பச்சை முகத்துக்கு எடுக்காது என்று தள்ளிவிட்டாள். கப்பலின் முகத்தைப் பற்றிப் பேசினாளா, என் முகத்தையா என்று கேட்கவில்லை.

கடைசியில் மெரூன். அடியில் கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு சாண் பார்டர்.

"இதைப் பாத்துட்டு ஒருத்தனும் வேற கப்பலைப் பாக்க மாட்டான்" என்றாள். கடையில் ஒரு நல்ல வியாபாரம் முடித்த நாட்களில் அவள் முகம் எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மீட்டிங். என்னிடம் மெரூன் பாயின் படம் இருந்தது. மூட்டம், வெள்ளை, கறுப்பு என்று அவள் சொன்ன காரணங்களும் இருந்தன. நான் போனைத் திறப்பதற்குள் தலைவி பேசிவிட்டாள்.

"அங்கிள், பாய் கலர் சிம்பிள். நம்ம கம்பெனி கலர் ப்ளூ. எட்டு ஷிப்பும் ப்ளூ. மத்லப், பாத்தாலே நம்ம ப்ராண்ட் தெரியணும். எப்படி?"

நான் சொன்னது இது: "ரொம்ப நல்லாருக்கு மேடம். நானும் அதையேதான் நினைச்சேன்."

மேசைக்கு அடியில் பாய் என் காலை மிதித்தார். காலையில் டீக்கடையில் அவரிடம் மெரூனைக் காட்டிப் பெருமை அடித்திருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன சொன்னாவ?"

நீலம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ ஏமாற்றம், அத்தோடு முடிந்திருக்கும். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். "ஒத்துக்கிட்டாவ" என்று சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் பிடிச்சிருச்சு."

"அந்த பார்டரைப் பத்தி என்ன சொன்னாவ?"

"பார்டரைத்தான் ரொம்பச் சொன்னாவ."

அதிலிருந்து எனக்கு இரட்டை வாழ்க்கை. ஆபீஸில் தினமும் மத்தியானம் அரை மணி நேரம் பயிற்சி, அப்போது என் கப்பல் நீலம். வீட்டில் அவள், "எங்க, நம்ம கப்பலைக் காட்டுங்க" என்பாள், அப்போது மெரூன். காலையில் சுனாபட்டியிலிருந்து செம்பூர் போகும் வழியில் பஸ்ஸில் நின்றபடி மெரூனைக் கழற்றி நீலத்தை மாட்டுவேன். சாயங்காலம் திரும்பும் வழியில் நீலத்தைக் கழற்றி மெரூனை மாட்டுவேன். நிஜக் கொள்ளைக்காரர்களும் துறைமுகத்துக்கு ஏற்றபடி பாய் மாற்றியிருப்பார்கள், ஆனால் மனைவிக்குப் பயந்து மாற்றியிருக்க மாட்டார்கள். மூன்று வாரம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சென்னையோடு மோதும் நாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு மணிக்கு வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து விளையாடலாம், போன் வழியாக எல்லோரும் பேசிக்கொள்ளலாம். தேதி வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். அவளுக்கு வழக்கமாகத் திங்கட்கிழமைதான் வார லீவு. ஞாயிறன்று கடையில் கூட்டம் நெரியும். அதனால் நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிறு காலை அவள் குளித்துவிட்டு வீட்டு நைட்டியோடு வந்தாள். "நாளைக்கு வாறேன், இன்னைக்கு லீவு வேணும்னு மாத்திக்கிட்டேன். நம்ம கப்பல் போற நாளு, நான் கடையில நிக்கவா?"

மூன்றரை மணிக்கே ஒரு தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கப்பல் மெரூனில் நின்றது. பாத்ரூம் போகிற சாக்கில் மாற்றலாம் என்று போனோடு எழுந்தேன். "போனை எதுக்கு அங்கன கொண்டு போறிய? நனைஞ்சிரப் போவுது" என்று கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். நான்கு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, 'தயார்' என்ற பட்டன் வந்தது. அதை அழுத்திவிட்டால் பாயை மாற்ற முடியாது. அவள் முன்னால் நீலத்தை மாட்டுவதா, தலைவி முன்னால் மெரூனில் போய் நிற்பதா என்று அந்த இரண்டு நிமிஷமும் யோசித்தேன். தலைவி செம்பூரில் இருந்தாள். மனைவி என் தோளில் சாய்ந்திருந்தாள். அழுத்திவிட்டேன்.

ஆட்டம் தொடங்கும்போது பதினாறு கப்பல்களும் மூட்டத்துக்குள் அங்கங்கே சிதறி நின்றன. நம்மவர்களைத் தேடிச் சேர வேண்டும். எனக்குப் பின்காற்று. நானே தேர்ந்தெடுத்த பெரிய சதுரப் பாய் காற்றைப் பிடித்ததும் கப்பல் கிளம்பி ஓடியது. பாயைச் சுருக்கினால் வேகம் குறையும். எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரப் பயிற்சியிலும் நான் பாய்த் துறைத் தலைவர் என்பதால் அதை யாரிடமும் கேட்க முடியாமல் போய்விட்டது.

போன் ஸ்பீக்கரில் தலைவியின் குரல் கேட்டது. "சென்னைக்காரங்க ரெட் கலர்ல இருக்காங்க. ரெட் பாத்தா ஃபயர்!"

மூட்டத்தில் மெரூன் எப்படித் தெரியும் என்று நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தோம். சிவப்புக்குப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று பேசவில்லை.

அடுத்த நொடியே பாயின் குரல், சந்தோஷத்தில் கீச்சென்று: "மச்சான், எனக்கு ஒரு சிவப்புக் கப்பல் சிக்கிருச்சு! பயபுள்ள தனியா வர்றான்!"

இரண்டு குண்டு என் கப்பலின் பக்கவாட்டில் விழுந்தது.

"பாய், சுடாதீங்க! அது நான்!"

"நீயா? நீ ஏன் சிவப்பா இருக்க?"

மூட்டத்தை விலக்கிக்கொண்டு பாயின் கப்பல் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் நல்ல நீலம். என் தோளிலிருந்து மனைவியின் தலை விலகியது.

"அவிய ஏன் நீலத்துல இருக்காவ?" என்றாள் மெதுவாக.

போனில் அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். வேலை போகாது, ஆனால் அடுத்த மீட்டிங்கில் நான் எங்கே உட்காருவேன் என்ற எண்ணம் வந்தது. பிறகு தலைவி பேசினாள். அதில் கோபம் இல்லை. கணக்குப் போட்டு முடித்த குரல்.

"அங்கிள், மெரூன்லயே இருங்க. திரும்ப வேண்டாம். நேரா அவங்க நடுவுல போங்க. உங்களை அவங்க ஆளுன்னு நினைப்பாங்க. எல்லாரும் கேளுங்க, யெல்லோ பார்டர் நம்ம அங்கிள். பார்டர் பாத்துச் சுடுங்க."

திரும்ப வேண்டாம் என்று அவள் உத்தரவு போட்டாள். எனக்குத் திரும்பவே வராது என்பது அவளுக்குத் தெரியாது.

சென்னைக்காரர்கள் என்னை வரவேற்ற விதம் மனதைத் தொட்டது. அடிபட்டு ஓடிவருகிற தங்கள் கப்பல் என்று நினைத்து, இரண்டு சிவப்புக் கப்பல்கள் எனக்கு இரண்டு பக்கமும் வந்து காவல் நின்றன. யாரும் என்னைச் சுடவில்லை. இருபத்தாறு வருட வேலையில் இப்படி ஒரு பாதுகாப்பை நான் அனுபவித்ததில்லை. அவர்களைச் சுட எனக்குக் கை வரவில்லை.

"சுடுங்க" என்றாள் என் மனைவி. குரலில் ஈரம் இல்லை.

"நம்மளுக்குக் காவலா வந்துருக்காவளே..."

அவள் கையை நீட்டி, எந்தப் பட்டன் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் அழுத்தினாள். இடது பக்கக் கப்பல் சரிந்தது. வலது பக்கத்தையும் அழுத்தினாள். அதில் இருந்தவர் சென்னைக் கிளையின் தலைவர் என்று பிறகு தெரிந்தது. அவர் மூழ்கும்போதுகூட எங்களைச் சந்தேகப்படவில்லையாம், எதிரி எங்கேயோ ஒளிந்திருந்து சுடுவதாக நினைத்தாராம். மூன்றாவது கப்பல் கண்டுபிடித்துவிட்டது. பிறகு நாலாபுறமும் குண்டு. என் கப்பல் நிதானமாக மூழ்கியது. கடைசியாகத் தண்ணீருக்கு மேலே மஞ்சள் பார்டர் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. எடுப்பாகத்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்தபோது மிதந்தது ஒரே கப்பல், பாயுடையது. நாங்கள் ஜெயித்தோம். ஸ்பீக்கரில் எல்லோரும் கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் ஆள் இல்லை. அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் கேட்டது.

போய் நின்றேன். அவள் திரும்பவில்லை.

"கடையில ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எடுத்துப் போடுதேன், தெரியுமா? முக்கால்வாசிப் பேரு பிடிக்கலன்னு சொல்லிட்டு எந்திச்சுப் போயிருவாவ. நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. பிடிக்கலன்னா பிடிக்கல. மடிச்சு வச்சுட்டு அடுத்த ஆளைப் பாப்பேன். பிடிச்சிருக்குன்னு வாங்கிட்டுப் போயி, வழியில தூக்கிப் போட்டவர இன்னைக்குத்தான் பாக்கேன்."

"எனக்குப் பிடிச்சிருந்தது. நெசமா. மேடம்தான்..."

"அந்த மேடம்கிட்ட சொன்னியளா?"

சொல்லவில்லை என்றேன்.

"பார்டரைத்தான் ரொம்பச் சொன்னாவன்னு சொன்னிய."

குக்கரை இரண்டு விசிலுக்கு இறக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

ஆபீஸில் நான் வீரன். தலைவி, 'வேறு நிறத்தில் ஒரு கப்பலை அனுப்பி எதிரியைக் குழப்பும் உத்தி' என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினாள். யோசனை என்னுடையது, ஒப்புதல் தன்னுடையது என்று அதில் இருந்தது. அறிக்கையை எனக்கும் படிக்கக் கொடுத்தாள்.

"ஓகேவா அங்கிள்?"

ரொம்ப நல்லாருக்கு மேடம் என்றேன்.

சென்னைக் கிளை விடவில்லை. போலி நிறத்தில் வந்து ஏமாற்றினார்கள் என்று புகார் எழுதியது. கொள்ளைக்காரர்கள் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதை விசாரிக்கத் தலைமை அலுவலகம் மூன்று பேர் குழு ஒன்று போட்டது. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நான் அரைப் பக்கம் எழுதினேன். "கவனக்குறைவால் நிறம் மாற்ற விட்டுப்போயிற்று" என்று போட்டேன். பாய் அதைப் படித்துவிட்டு, "இதுவும் பொய்தானே மச்சான்?" என்றார். பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆட்டம் செல்லாது. இரண்டு கிளைகளுக்கும் பங்கேற்புச் சான்றிதழ். என் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

அந்தப் பத்து நாளும் வீட்டில் சண்டை கிடையாது. சாப்பாடு இருந்தது, கேட்டதற்குப் பதில் இருந்தது. கப்பலைக் காட்டுங்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. நானாக ஒருநாள் காட்டியபோது, "நல்லாருக்கு" என்றாள். மீட்டிங்கில் நான் சொல்கிற அதே 'நல்லாருக்கு'. அந்தச் சொல்லைக் கேட்கிற இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சான்றிதழ் வந்த மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி மாதுங்காவுக்கு பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கடை வாசலில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், உள்ளே போனதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவள் கவுண்டருக்கு எதிரே வெள்ளை மெத்தையில் இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் எழுந்து போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு நொடி கண் விரிந்தது. அவ்வளவுதான். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார். யாருக்குப் பாக்குறீங்க?" என்றாள், கடைத் தமிழில்.

"வீட்டுக்காரிக்கு."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் இல்ல. ஒரு தப்பு நடந்துபோச்சு."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் திரும்பி ஒன்றை உருவி விரித்துப் போட்டாள். இளம் பச்சை, வெள்ளிக் கரை. வாயைத் திறந்தேன், 'ரொம்ப நல்லாருக்கு' நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பிடிக்கல" என்றேன்.

மடித்து வைத்தாள். அடுத்து ஆரஞ்சு. பிடிக்கவில்லை என்றேன். ஒரு கத்தரிப்பூ நிறம், அது நிஜமாகவே சகிக்கவில்லை, அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. பார்டர் பெரிது, பூ சிறிது, இதைக் கட்டினால் வீட்டுக்காரி முகம் வாடித் தெரியும் என்றெல்லாம் காரணம் சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள் என்னை எரிச்சலோடு பார்த்தார். என் முன்னால் புடவைகள் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டன. பதினேழாவதோ பதினெட்டாவதோ விரித்தபோது, முதலாளிக்குக் கேட்காத குரலில் அவள் சொன்னாள்.

"இம்புட்டையும் யாரு மடிக்கிறது? கடை அடைக்கிற நேரமாச்சு."

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னுதானே சொல்லணும்?"

"அதுக்குன்னு எல்லாத்தையுமா?" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவள் சட்டென்று குனிந்து ஒரு புடவையின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு மறு முனையை என் பக்கம் தள்ளினாள்.

"நுனியப் பிடிங்க. ஜரிகை உள்ளுக்க இருக்கணும். இழுத்துப் பிடிங்க, தொங்க விடாதிய."

பிடித்தேன். முதல் மடிப்பு கோணலாக வந்தது. அதை உதறிவிட்டு மறுபடியும் மடிக்கச் சொன்னாள்.